தணிகாசலத்துக்கு லைசென்ஸ் இல்லை

என் தங்கை மஞ்சுளாவின் புருஷன் தணிகாசலத்துக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். மற்றபடி கண்ணில் ஒரு குறையும் கிடையாது. ஏரியின் அக்கரையில் மேயும் மாட்டுக்குக் கொம்பு உடைந்திருந்தால் இக்கரையில் நின்றே சொல்லிவிடுவான். ஆனால் தக்காளி பழமா காயா என்று கேட்டால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்வான். நிச்சயம் ஆன கையோடு, மஞ்சுளாவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் புடவை எடுக்கிறேன் என்று தனியாகக் கடைக்குப் போனவன், யாரையும் கேட்காமல் தானே கை காட்டி, பாசி நிறத்தில் ஒன்றை வாங்கி வந்து நீட்டினான். "அரக்கு சொன்னா பாசி எட்த்தாந்துக்கீறாரு. இன்னாண்ணா, என்னிய வெச்சிக் காமெடி பண்றாரா?" என்று அவள் என்னிடம் வந்து சண்டை போட்டாள். எங்களுக்கு விஷயம் தெரிந்ததே அப்போதுதான்.

என் பெயர் நரசிம்மன். டீக்கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தணிகாசலத்துக்குக் கோபமே வராது. அவனுக்கும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

அவன் மண்ணூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்தவன். எங்கள் பக்கத்தில் ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் ஊரே சிரிக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனிதான். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும்போது சைக்கிள் நுழைய இடம் இருக்காது. அந்தப் பஸ்களில் ஒன்றிலாவது ஏறிவிட வேண்டும் என்று அவனும் முட்டிப் பார்த்தான். எழுத்துப் பரீட்சையில் பாஸ், இன்டர்வியூவில் பாஸ், கடைசியில் மெடிக்கல். அங்கே ஒரு புத்தகத்தைப் பிரித்து வைப்பார்கள். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், புள்ளிக்கு நடுவில் ஓர் எண். நமக்கெல்லாம் பளிச்சென்று தெரியும். தணிகாசலத்துக்கு முதல் பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் கொட்டிவைத்த கேழ்வரகுதான். செல்போன் கம்பெனி வேண்டாம் என்றது. கார்களுக்கு வயர் கோக்கிற கம்பெனி வேண்டாம் என்றது. பெயின்ட் ஷாப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொஞ்ச காலம் லோடு ஏற்றினான், கொஞ்ச காலம் செக்யூரிட்டி உடுப்பு மாட்டிக்கொண்டு, தன்னை வேண்டாம் என்ற கம்பெனியின் கேட்டிலேயே நின்று மற்றவர்களுடைய ஐ.டி. கார்டைப் பார்த்து உள்ளே அனுப்பினான். அந்தக் காலத்தில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே இருப்பான், என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது.

அப்புறம் வந்தது படகு. எங்கள் வேலங்குளத்தூர் ஏரி ஒன்றும் செம்பரம்பாக்கம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் ஹாஸ்டலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்ட ஓர் ஆள், ஏரியைக் குத்தகைக்கு எடுத்து நாலைந்து மிதிபடகும் ஒரு மோட்டார் படகும் இறக்கினார். கரையிலேயே எனக்குக் கடை போட இடம் கொடுத்தார். மோட்டார் படகை ஓட்ட ஆள் கேட்டபோது நான் தணிகாசலத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆறு வருஷம் ஓட்டினான். முதலாளி ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கிக் கொடுத்தார். கம்பெனி லைனில் நின்று கால் வீங்கிய பெண்பிள்ளைகள், ஒடிசாப் பையன்கள், குடும்பத்தோடு வரும் சூப்பர்வைசர்கள், எல்லாரும் அவனை "கேப்டன்" என்றார்கள். கேட்டில் நின்றபோது யாராவது அவனை நிமிர்ந்து பார்த்திருப்பார்களா? இங்கே அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மஞ்சுளாவை அவள் வேலை பார்க்கிற கம்பெனி கேன்டீனில் யாராவது "வூட்டுக்காரர் எங்க வேல?" என்று கேட்டால், "போட்டு ஓட்றாரு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். அவன் கேட்டதெல்லாம் அந்தப் படகு ஒன்றைத்தான்.

ஏரிக்குள் ஒரு பகுதியில் வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்கு அடியில் நிற்கின்றன. அதற்குப் பக்கத்தில் சிவப்பு மிதவை கட்டியிருப்பார்கள், போகாதே என்று அர்த்தம். படகு போகிற வழியில் பச்சை மிதவை. தணிகாசலம் கலரைப் பார்த்து ஓட்டவில்லை, இடத்தைப் பார்த்து ஓட்டினான். ரோட்டில் அவன் பைக் ஓட்டுவதும் அப்படித்தான். ஒரகடம் சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பான், கீழே எரிந்தால் போவான். பைக் லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட்ட டாக்டர் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் எங்கோ ஓர் ஏரியில் படகு கவிழ்ந்து சில உயிர்கள் போயின. அதற்குப் பிறகு உத்தரவு வந்தது. மோட்டார் படகு ஓட்டுகிறவர் எல்லாரும் பயிற்சி முடித்து, பரீட்சை எழுதி, உடல் தகுதிச் சான்று வாங்கி லைசென்ஸ் எடுக்க வேண்டும். மிதிபடகில் ஏறுகிறவர்களுக்கும் ஏறுவதற்கு முன் பாதுகாப்பு வகுப்பு நடத்த வேண்டும். லைசென்ஸ் இல்லாதவன் இன்ஜினைத் தொடக்கூடாது.

நான் குதித்தேன். "ஆறு வருஷமா ஓட்றவனுக்கு இவனுங்க இன்னா கத்துக் குடுக்கப் போறானுங்க?"

"கத்துக்கலாம் மச்சான், நல்லதுதான?" என்றான் தணிகாசலம்.

பயிற்சி எங்கள் ஏரியிலேயே நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் வசந்தகுமார், தூத்துக்குடிக்காரர். அவரை வெறுப்பதற்கு நான் தயாராக இருந்தேன், அந்த ஆள் இடம் கொடுக்கவில்லை. நல்ல மனுஷன். லைஃப் ஜாக்கெட்டின் வாரை எப்படி இழுத்துக் கட்டுவது, படகில் எத்தனை பேர், யாரை எங்கே உட்கார வைப்பது, இழுபட்டால் இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிற்றை ஏன் மணிக்கட்டில் மாட்ட வேண்டும், ஆள் தண்ணீரில் விழுந்தால் எந்தப் பக்கமாகத் திரும்பி வந்து தூக்குவது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். இத்தனை வருஷமும் தணிகாசலம் அந்தக் கயிற்றைப் படகின் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அதை நினைத்து அவனே தலையில் அடித்துக்கொண்டான். நீச்சலில் அவன்தான் முதல். எழுத்துப் பரீட்சையிலும் பாஸ். "நல்லா செய்தீங்க அண்ணாச்சி, மெடிக்கல் மட்டும் முடிச்சிருங்க" என்றார் வசந்தகுமார்.

அன்று வீட்டுக்கு வந்து தணிகாசலம் சாப்பிடவில்லை. மறுபடியும் அந்தப் புள்ளிப் புத்தகம்.

மஞ்சுளா விடுவாளா? அவள் கேன்டீனில் சாப்பிடுகிற பையன்கள் மத்தியில் இதற்கும் ஒரு வழி புழக்கத்தில் இருந்தது. புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று வரிசையாகப் போனிலேயே சுற்றி வருகிறது. எங்கள் பக்கத்தில் மெடிக்கலுக்கும் மனப்பாடம்தான், பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி. அவள் அதை வாங்கி வந்து, கேன்டீன் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் தினமும் அவனை உருட்டினாள். தோசை வார்த்துக்கொண்டே கேட்பாள்.

"மூணாவது?"

"ஆறு."

"நாலாவது?"

"இருபத்தொம்போது."

"அஞ்சாவது?"

"அம்பத்தேழு."

"எட்டாவது?"

அவன் விழிப்பான். "பதினஞ்சுங்க, பதினஞ்சு! எட்டுக்குப் பதினஞ்சு, ஒம்போதுக்கு எழுவத்திநாலு. இதுகூடவா மண்டைல ஏறல? நாலு தோசைக்கு நாலு தபா சட்னி கேக்கத் தெரியுது!" என்று கரண்டியைக் காட்டுவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பல் விளக்கிக்கொண்டே விடை சொல்லும். கடைசியில் தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

மெடிக்கல் அன்று நானும் கூடப் போனேன். டாக்டர் கவிப்பிரியா என்று ஒரு சின்ன வயசுப் பெண். புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கம் எல்லாருக்கும் தெரிகிற பக்கம். "பன்னெண்டு" என்றான். அந்தம்மா அடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். நான் பின்னால் நின்று பார்க்கிறேன், அதில் எழுபத்து மூன்று. இவன் கம்பீரமாக "எட்டு" என்றான். அடுத்து ஐந்து வந்தது. இவன் "ஆறு". அடுத்து நாற்பத்தைந்து, இவன் "இருபத்தொம்போது". அந்தம்மா பக்கங்களை மாற்றி மாற்றித் திருப்புகிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பக்கமும் அவனுக்கு ஒரே கேழ்வரகு. எங்கள் மஞ்சுளா சொல்லிக் கொடுத்த வரிசையில் ஒரு பிசகு இல்லாமல் ஒப்பித்துக்கொண்டே போனான். முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு.

டாக்டர் புத்தகத்தை மூடினார். "அண்ணா, மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆமாம்மா."

"ரொம்பப் பேரு பண்றாங்க. அதனாலதான் மாத்தித் திருப்புறோம்." அந்தப் பெண்ணுக்கே கஷ்டமாக இருந்தது. "இது வியாதி இல்லண்ணா, மருந்தும் இல்ல. பொறப்புலேயே வர்றது. நான் இல்லாததை எழுத முடியாது. ஆனா தண்ணியில ஒரு நேரடிச் சோதனை வைக்கலாம்னு எழுதித் தரேன். பயிற்சி குடுக்குறவர் சரின்னு சொன்னா சரி."

வெளியே வந்து நான் கத்தினேன். டாக்டரை இல்லை, தெருவைப் பார்த்துக் கத்தினேன். தணிகாசலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தம்மா நல்லவங்க மச்சான். இன்னொரு சான்ஸ் குட்த்துக்கீறாங்கல்ல" என்றான்.

வசந்தகுமார் ஒளிவு மறைவு வைக்கவில்லை. சோதனைக்கு முந்தின நாளே சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, மிதவை எல்லாத்தையும் இடம் மாத்திக் கட்டப்போறேன். பச்சைக்கு நடுவுல போயி, சிவப்பைத் தொடாம திரும்பி வந்துட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். பயணி மாதிரி ஒரு ஆளை உக்கார வச்சிக்கிடுங்க."

பயணி மாதிரி உட்கார நான் தயார் என்றேன். அன்று சாயங்காலம் நானும் மஞ்சுளாவும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். நான் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். சிவப்பு இடது பக்கம் வந்தால் ஒரு தடவை இருமுவேன், வலது பக்கம் வந்தால் இரண்டு தடவை. நேர் எதிரே என்றால் விடாமல் இருமுவேன். வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். ஒரு செம்பு பச்சை, ஒரு டம்ளர் சிவப்பு. நான் இருமினால் அவன் நாற்காலியைத் திருப்புவான். பிரமாதமாக வேலை செய்தது. மஞ்சுளா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். ரொம்ப நாள் கழித்து அவனும் சிரித்தான்.

மறுநாள் காலை. காற்று அதிகம் இல்லை. வசந்தகுமார் முன்னால் உட்கார்ந்தார், தணிகாசலம் பின்பக்கம் இன்ஜினருகே, நான் அவனுக்கும் பின்னால் மூலையில் ஒடுங்கிக்கொண்டு. மஞ்சுளா ஷிப்டுக்குப் போகாமல் கரையில் நின்றாள். தணிகாசலம் தொப்பியை வைத்தான், ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டினான், கயிற்றை மணிக்கட்டில் மாட்டினான், எங்கள் ஜாக்கெட்டையும் இழுத்துச் சரிபார்த்தான். ஒன்றும் விடவில்லை. இன்ஜினை முடுக்கினான்.

அடக் கடவுளே, அந்த இன்ஜின் எவ்வளவு சத்தம் போடும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே! வீட்டில் இருமிப் பார்த்தோமே, படகில் இருமிப் பார்த்தோமா? ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து ஓட்டினவன் அவன், ஆறு வருஷமாகக் கரையில் அதைக் கேட்டுக்கொண்டு டீ ஆற்றினவன் நான். முதல் சிவப்பு இடது பக்கம் வந்தது. ஒரு தடவை இருமினேன். எனக்கே கேட்கவில்லை. பழைய பழக்கத்தில் அவனே வலது பக்கம் ஒதுங்கினான், தப்பினோம். அடுத்தது பச்சை ஜோடி, அதில் அதிர்ஷ்டத்தில் நுழைந்தான். வசந்தகுமார் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கப்புறம் படகு நேராக ஒரு சிவப்பு மிதவையை நோக்கிப் போனது. முன்பு பச்சை இருந்த இடம் அது. இவன் நிதானமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, போகவேண்டிய வழி இதுதான் என்கிற முகத்தோடு போகிறான். நான் இருமுகிறேன். தொண்டை கிழிய இருமுகிறேன். குங்குமம் மாதிரிச் சிவப்பு, ஐயா, குழந்தைகூடச் சொல்லும்! என் வாய் இருக்கிறது, என் கை இருக்கிறது, அவன் முதுகு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தொட்டால் வசந்தகுமார் பார்ப்பார், எல்லாம் அத்தோடு முடிந்தது. தொடாவிட்டாலும் முடிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு கையாலாகாமல் நான் உட்கார்ந்ததே இல்லை.

வசந்தகுமார் எட்டி அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். இன்ஜின் பட்டென்று நின்றது. ஏரியே அமைதியானது. அந்த அமைதியில் என் இருமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. நடிக்கப் போய் நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

அவர் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "குடிங்க அண்ணாச்சி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

படகு மெல்ல நகர்ந்து மிதவையின் மேல் இடித்து நின்றது. அடியில் மிதவைக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் குனிந்து மிதவையைக் கையில் பிடித்துப் பார்த்தான். "இது செவப்பா மச்சான்?" என்று கேட்டான்.

"ஆமாண்டா" என்றேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். எத்தனை நேரம் பார்த்தாலும் அது அவனுக்குச் சேற்று நிறம்தான். அப்புறம் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றி வசந்தகுமாரிடம் கொடுத்தான். திரும்பும்போது அவர்தான் ஓட்டி வந்தார். கரை நெருங்கும்போது மஞ்சுளாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தாலே போதுமே. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் கடைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் நான் வேறொரு யோசனை சொன்னேன். பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற டாக்டர்கள் இந்த ரோட்டில் இல்லையா என்ன? அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "வேணாம் மச்சான். நெசமாவே அங்க கட்ட இருந்து, பன்னெண்டு பேரோட மேல ஏறியிருந்தன்னா?" என்றான்.

சட்டம் சரிதான். டாக்டர் சரி, வசந்தகுமார் சரி, எல்லாரும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். ஓர் ஆளாவது அயோக்கியனாக இருந்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன்.

முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. பழவேற்காட்டிலிருந்து லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் படகு ஓட்ட வந்தார். முதல் நாள் அவருக்கு நான் சர்க்கரை போடாமல் டீ கொடுத்தேன். குடித்துவிட்டு "நல்லா கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆளும் நல்லவர், என்ன செய்வது! வெள்ளைத் தொப்பி அவர் தலைக்குப் போனது. தணிகாசலத்துக்குக் கரையில் வேலை. மிதிபடகில் ஏற வருகிறவர்களுக்கு ஜாக்கெட் கட்டிவிட்டு, உத்தரவுப்படி பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். பயிற்சியில் நன்றாகத் தேறியவன் அவன் என்பதால் வசந்தகுமாரே அவன் பெயரைச் சொன்னாராம். மேஜைமேல் மாதிரிக்கு இரண்டு சின்ன மிதவை வைத்திருக்கிறார்கள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஷிப்டுக்குப் போகிற வழியில் மஞ்சுளா வந்து சிவப்பை இடது பக்கமும் பச்சையை வலது பக்கமும் வைத்துவிட்டுப் போவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஒரு கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஜாக்கெட்டை எப்படிக் கட்டுவது என்று காட்டினான், படகில் எழுந்து நிற்கக் கூடாது என்றான், விசில் எங்கே இருக்கிறது என்றான். குரல் கணீரென்று என் கடை வரைக்கும் கேட்டது. அப்புறம் மேஜையிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்தான்.

"இது செவப்பு. இத்த எங்க பாத்தாலும் கிட்டப் போவாதீங்க. அடில கட்ட கீது."

முன் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண், ஒண்ணாவது படிக்கிற வயசு இருக்கும், சத்தமாகச் சொன்னாள். "அங்கிள், அது பச்சை!"

யாரோ ஜாக்கெட் எடுக்கும்போது மேஜையில் இருந்தது இடம் மாறிவிட்டது போலிருக்கிறது. கூட்டம் சிரித்தது. அவன் விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நான் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

தணிகாசலம் கையிலிருந்ததைப் பார்த்தான். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது பாப்பா. அதான் போட்டு ஓட்டாம இங்க நிக்கிறேன்" என்றான்.

சிரிப்பு நின்றது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் விபரீதமாகத் தெரியவில்லை. மேஜை அருகே போய், எக்கி, மற்ற மிதவையை எடுத்தாள். "இதான் செவப்பு. அது பச்சை. நல்லா பாத்துக்கோங்க" என்று ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். அவன் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் காட்டக் காட்ட, "செவப்பு, பச்சை" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.